கோட்டில் நிற்கும் பிள்ளை

மாகாண மட்டக் கூடைப்பந்தாட்ட இறுதிப் போட்டியைப் பார்த்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பி வந்த வழி நெடுகிலும் ஒரு பிள்ளையின் வலது கைதான் என் கண்ணுக்குள் நின்றது. ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம், நேரம் முடிகிறது, அவனுக்கு இரண்டு பிரீ த்ரோ, அதாவது எதிரணியின் தவறுக்காகக் கோட்டில் நின்று தனியே எறியும் வாய்ப்பு. வியர்த்த கையைக் காற்சட்டையில் துடைத்தான். பந்தை மூன்று தரம் தரையில் தட்டினான். கூடையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் தகப்பன் இருந்த பக்கம் பார்த்தான். இரண்டுமே வளையத்தில் பட்டுத் தெறித்தன.

உவர்மலையில் எங்கள் அயல்வீட்டுப் பிள்ளை அவன், பதினெட்டு வயது, என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். அவன் பதினான்கு வயதில் பாடசாலை அணிக்குள் வந்த நாளிலிருந்து, வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் சப்பாத்து அனுப்பினார்கள், நாங்கள் அவன் படம் போட்ட பதாகையை வாசலில் கட்டினோம், கண்ட இடமெல்லாம் "அடுத்தது தேசிய அணிதான்" என்றோம். அந்தப் பதாகைக்கு நானும் பணம் கொடுத்தேன். போட்டிக்கு முதல்நாள் இரவு சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்பிவிடுவான் என்பதை அவனுடைய தாய் இப்போதுதான் சொன்னார்.

பிரீ த்ரோவின்போது யாரும் மறிப்பதில்லை. எறியும் கோடு பலகையிலிருந்து 4.6 மீற்றர், வளையத்தின் உயரம் 3.05 மீற்றர், எறிவதற்கு ஐந்து விநாடி. பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற பந்து அது. ஓடும்போது யோசிக்க நேரமில்லை. அந்தக் கோட்டில் மட்டும்தான் ஆட்டம் நின்று, ஊர் முழுவதும் சொன்னது காதில் விழுகிறது.

இது எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கனடாவில் பிறந்த கூடைப்பந்தாட்ட வீரர் அன்ட்ரூ விக்கின்ஸின் தகப்பன் என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரில் ஆடியவர், தாய் ஒலிம்பிக் பதக்கம் வென்ற ஓட்ட வீராங்கனை. அவர் 2013இல் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைக்கும் முன்பே அடுத்த பெரும் நட்சத்திரம் என்று எழுதிவிட்டார்கள். 2014 மார்ச்சில் மேற்கு வேர்ஜினியாவுக்கு எதிராக 41 புள்ளிகள் எடுத்தவர், அதே மாதம் ஸ்டான்போர்டுக்கு எதிரான, தோற்றால் வெளியேற வேண்டிய போட்டியில் ஆறு தடவைதான் கூடையை நோக்கி எறிந்தார். எடுத்தது 4 புள்ளிகள். கன்சாஸ் 60-57 எனத் தோற்றது. ஸ்டான்போர்டின் தடுப்பாட்டமும் அதற்குக் காரணம்தான், ஆனால் வயது பத்தொன்பது என்பதை அன்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? 2022இல் அவர் கோல்டன் ஸ்டேட் வோரியர்ஸ் அணியோடு என்.பி.ஏ. கிண்ணத்தை வென்றது வேறு கதை. கிண்ணம் வெல்லாமலே போயிருந்தாலும் அந்த இரவுக்காக அவர் யாருக்கும் கடன்பட்டவரல்லர்.

பாரம் சுமந்தால்தான் தோள் உரக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பயிற்றுநர் முழங்கையைப் பிடித்துத் திருத்துவதும், பிழை விட்டால் ஏசுவதும் அந்தப் பாரம்தான். அது வேண்டும், அதை அவனால் மறுநாளே திருத்திக்கொள்ள முடியும். பாடசாலையின் மானத்தை ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டால் அதை எந்தப் பயிற்சியால் இறக்கி வைப்பான்?

போட்டிக்கு மறுநாள் காலையில் பாண் வாங்கப் போனவனிடம் கடையில் நின்ற ஒருவர், "என்ன தம்பி, ரெண்டையும் விட்டிட்டீரே" என்றிருக்கிறார். அவர் மனத்தில் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் இப்போது அந்தக் கடைக்கு அவனுடைய தங்கச்சிதான் போகிறாள்.

அடுத்த போட்டிக்கு இன்னும் பெரிய பதாகை அடிக்கப் பழைய மாணவர் குழுவில் பணம் சேர்க்கிறார்கள். அந்தப் பணத்தில் முழு அணிக்கும் பந்துகளும் கிழிந்த வலைக்குப் பதிலாகப் புது வலையும் வாங்குவோம், எந்தப் பிள்ளையின் படமும் வேண்டாம் என்று நேற்றிரவு அங்கே எழுதியிருக்கிறேன். குழுவில் இருப்பவர்கள் இதைப் பார்த்தால், தயவுசெய்து அங்கே ஒரு சொல் எழுதுங்கள்.