சீஸ் ஃபேக்டரிக்கு முன்னாடி அந்த வேலைய பாத்தது யாரு?

உங்க கட்டுரையில ஜெஸ்ஸி வில்லியம்ஸ் பத்தி நல்லா எழுதியிருக்கீங்க, 1851ல நியூயார்க் மாநிலம் ரோம் ஊர் பக்கத்துல அமெரிக்காவோட முதல் சீஸ் ஃபேக்டரி ஆரம்பிச்சவர்னு. ஆனா அது குடும்பத்துக்குள்ள இருந்து வந்த கதைங்கறத ஒரே வரியில முடிச்சிட்டீங்க. மகன் ஜார்ஜ் தனிப்பண்ணை போட்டப்போ, ஜெஸ்ஸி ரெண்டு பண்ணை சீஸையும் சேத்து வியாபாரிகிட்ட விலை பேசிட்டாரு, ஆனா மகனுக்கு அப்பா அளவுக்கு சீஸ் பண்ண வராது, சரி பாலை இங்க கொண்டா நானே பண்றேன்னு சொன்னாரு பாருங்க, அங்கதான் எல்லாமே ஆரம்பிச்சது. அப்புறம் அக்கம்பக்கத்துப் பாலும் வண்டியில வர ஆரம்பிச்சுடுச்சு.

அதுக்கு முன்னாடி பண்ணை வீடுகள்ல சீஸ் பெரும்பாலும் பொம்பளைங்க வேலை. பாலை இளஞ்சூடு பண்ணி, கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுத்த உறைய ஊத்தி, கெட்டியானதும் வெட்டி, தண்ணிய வடிச்சு, உப்பு போட்டு அழுத்தத்துல வைக்கணும். அதோட முடியாது, வாரக்கணக்குல தெனமும் ஒவ்வொரு சீஸையும் தூக்கி திருப்பிப் போட்டு, துடைச்சு, மேல கொழுப்பு தடவணும். நான் மாட்டு வீட்டுல வளந்தவ, எங்கம்மா சாணி அள்ளி பால் கறந்து முடிச்சுட்டு கைய நீட்டி மடக்க முடியாம உக்காந்திருப்பாங்க, அதான் இதப் படிச்சதும் எனக்கு அந்த வீட்டுப் பொம்பளைங்க கைதான் ஞாபகம் வந்துச்சு. அந்த ஃபேக்டரி வந்ததால அவங்களுக்கு எவ்வளவு பாரம் குறைஞ்சிருக்கும், அதையும் சேத்து எழுதுங்க சார்.