பாதி உயரம், கால் பங்கு தண்ணீர்

மேட்டூர் அணையில் நீர்மட்டம் 60 அடி இருப்பதால் 'அணை பாதி நிறைந்திருக்கிறது' என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். உயரத்தில் பாதிதான், சரி. ஆனால் அணை கிண்ணம் மாதிரி, அடியில் குறுகி மேலே விரிந்திருக்கும். 120 அடியில் 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) பிடிக்கும் அணையில், 60 அடிக்கு ஏறக்குறைய 25 டிஎம்சிதான் இருக்கும். நாற்று விடலாமா வேண்டாமா என்று காவிரி டெல்டாவில் நாங்கள் இதை வைத்துத்தானே முடிவு செய்கிறோம்!

எங்கள் ஊர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர், "பத்தாயிரம் கன அடி வருதாம், இனி கவலையில்லை" என்றார். அது நொடிக்கு வரும் அளவு. ஒரு நாள் முழுக்க நிற்காமல் வந்தாலும் 1 டிஎம்சி சேராது. அதற்கு நொடிக்கு 11,574 கன அடி வேண்டும். பேப்பர் ஓரத்திலேயே ஒரு நாளின் 86,400 நொடிகளால் பெருக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தவர், அப்புறம் "அப்போ போர் மோட்டாரைச் சரி பண்ணிடணும் தம்பி" என்றார்.

காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தந்த தீர்ப்பின்படி கர்நாடகம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு விடவேண்டிய 177.25 டிஎம்சியும் இப்படித்தான். டிவி விவாதங்களில் எல்லோரும் அந்த ஆண்டுக் கணக்கையே சொல்கிறார்கள். குறுவை நெல்லுக்கு ஜூன், ஜூலையில் வரவேண்டிய தண்ணீர் பிப்ரவரியில் வந்து என்ன பயன்? அடுத்த முறை அடியோடு டிஎம்சியையும் சேர்த்துப் போடுங்கள்.