சர்ச் அம்மாவின் நோட்டும் போனில் பேசும் பொம்மையும்

நேற்று ஒரு நண்பரோடு பெரிய வாக்குவாதம். மென்பொருள்காரர். கறுப்பின அமெரிக்கர்களின் சர்ச்சுகள் வழியாக, போனில் பேசுகிற ஒரு டிஜிட்டல் உதவியாளரைக் கொடுத்து, தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லவைக்கலாம் என்கிற யோசனையைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவங்களுக்குச் சரியான தகவல் போய்ச் சேரல, சேர்ந்தா போட்டுக்குவாங்க" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு இடித்தது.

நான் பிலடெல்பியாவில் இருக்கிறேன். 2021 ஜனவரி, பிப்ரவரி இங்கே எப்படி இருந்தது என்று மறக்கவில்லை. கோவிட் ஊசிக்கு இணையத்தில் இடம் பிடிக்க வேண்டும். விடிய விடிய ரெஃப்ரஷ் தட்டத் தெரிந்த பிள்ளைகள் இருந்த வீட்டுப் பெரியவர்களுக்கு இடம் கிடைத்தது. எங்கள் பக்கத்து வீட்டம்மாவுக்குக் கிடைக்கவில்லை. எழுபது தாண்டிய கறுப்பினப் பெண்மணி, பாப்டிஸ்ட் சர்ச்சில் வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கையுறையுமாக நிற்கிற 'நர்ஸ்'களில் ஒருவர் (படித்த நர்ஸ் இல்லை, ஆராதனையில் ஆவி இறங்கித் தள்ளாடுகிறவர்களைத் தாங்கிப் பிடித்து விசிறிவிடுகிற அம்மாக்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). அவர் ஊசி வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் செய்தியில் ஊசிக்குத் 'தயங்குகிறார்கள்' என்று சொன்ன கூட்டத்தில் அவரையும் சேர்த்துத்தான் சொன்னார்கள்.

அதை மாற்றியது எந்த ஆப்பும் இல்லை, டாக்டர் ஆலா ஸ்டான்ஃபோர்ட். குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிறவர். 2020 ஏப்ரலில் ஒரு வேனை வாடகைக்குப் பிடித்து, கறுப்பினப் பகுதிகளில் சர்ச்சுகளின் கார் நிறுத்தும் இடங்களிலேயே கோவிட் பரிசோதனையை ஆரம்பித்தார். ஊசி வந்ததும் அதே வழி. 2021 பிப்ரவரியில் டெம்பிள் பல்கலைக்கழக அரங்கில் 24 மணி நேரம் விடாமல் போட்டார்கள், முன்பதிவு கிடையாது, நேரே வந்து நிற்க வேண்டியதுதான். அந்தக் குளிரில் வரிசை தெருவைச் சுற்றி வளைந்து நின்றது, ஏறக்குறைய 4,000 பேர் போட்டுக்கொண்டார்கள். இணையதளம் வெளியே தள்ளிய மக்களிடம் இப்போது இன்னொரு திரையைக் கொண்டுபோய் நீட்டுகிறோம் என்பதாவது நமக்கு உறைக்க வேண்டாமா?

அவநம்பிக்கையே இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் டஸ்கீகி என்பார்கள். சரிதான். 1932 முதல் 1972 வரை அலபாமாவில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து நடத்திய ஆய்வு அது. அதில் 399 பேருக்கு சிபிலிஸ் என்கிற பால்வினை நோய். 'கெட்ட ரத்தம்' என்று மட்டும் சொல்லி, இலவசச் சாப்பாடும் அடக்கச் செலவுக்குப் பணமும் தந்து, 1947 வாக்கில் பெனிசிலின் வழக்கமான மருந்தான பிறகும் கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் பக்கத்து வீட்டம்மா என்னிடம் டஸ்கீகியைச் சொன்னதே இல்லை. அவர் சொன்னதெல்லாம் இடுப்பு வலிக்காக ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் தன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காததைத்தான். 1932 பெரிய காயம், ஆனால் போன மாதம் பட்டதுதான் இன்றைக்கு வலிக்கிறது.

அப்புறம், இந்தச் சர்ச்சுகளுக்கு மருத்துவம் ஒன்றும் புதிதல்ல. 1793ல் இதே ஊரில் மஞ்சள் காய்ச்சல் வந்து ஏறக்குறைய 5,000 பேர் செத்தார்கள். கறுப்பினத்தவருக்கு அது தொற்றாது என்று பெஞ்சமின் ரஷ் என்கிற பெரிய டாக்டர் நம்பினார், உதவிக்குக் கூப்பிட்டார். கறுப்பினப் போதகர்களான ரிச்சர்ட் ஆலனும் அப்சலம் ஜோன்ஸும் தங்கள் ஆட்களைத் திரட்டி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். தொற்றாது என்றது பொய், அவர்களும் செத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு மேத்யூ கேரி என்கிற பதிப்பாளர், அவர்களில் சிலர் காசு பிடுங்கினார்கள், திருடினார்கள் என்று எழுதினார். 1794ல் இருவரும் பதில் எழுதி அச்சடித்து வெளியிட்டார்கள். அந்த ஆலன் ஆரம்பித்த பெத்தேல் சர்ச் இன்றும் ஆறாவது தெருவில் இருக்கிறது. இவர்களுக்குப் போய் 'தகவல் சேரவில்லை' என்கிறார் நண்பர்.

இவ்வளவு சொன்னாலும் நான் அந்த உதவியாளருக்கு முழு எதிரி இல்லை. பாஸ்டனில் டிமதி பிக்மோர் என்கிற கணினி ஆராய்ச்சியாளரின் குழு பல வருஷங்களாக இப்படிப் பேசும் பாத்திரங்களைச் செய்துவருகிறது. ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மருந்துகளை விளக்க 'லூயிஸ்' என்று ஒரு திரை நர்ஸ் செய்தார்கள், நோயாளிகள் பலருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, ஏனென்றால் அவள் அவசரப்படுத்தவில்லை. இதில் அவமானம் யந்திரத்துக்கா, ஆஸ்பத்திரிக்கா? கறுப்பின சர்ச் மக்களையும் கூடவே உட்காரவைத்து அவர்கள் சொன்னபடி ஒரு பாத்திரத்தை வடிவமைத்த வேலையும் அங்கே நடந்திருக்கிறது. அது சரியான முறை.

எனக்குத் தெரிந்து இதற்கு உண்மையான வேலை ஒன்றுதான், சர்ச்சில் வாய் திறந்து கேட்க முடியாத கேள்விகள். பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஹெச்பிவி ஊசி போடச் சொல்கிறார்கள், அது உடலுறவில் பரவுகிற கிருமிக்கானது. ஒரு தாய் இதைப் பாஸ்டரின் மனைவியிடம் எப்படிக் கேட்பாள்? ராத்திரி பதினொரு மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே கேள்வியை நான்கு தரம் கேட்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்றால் போனில் இருக்கிற பொம்மை நல்ல துணைதான்.

ஆனால் பாஸ்டர் மாதிரி குரல், இரண்டு வரிக்கு ஒரு வேதவசனம், நடுவில் ஆமென் என்று அதற்கு வேஷம் கட்டாதீர்கள். அவர் அந்த மரியாதையை, சாவு வீடுகளில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சம்பாதித்திருக்கிறார். மென்பொருள் ஆட்கள் கடன் கேட்கிற மாதிரி அதைக் கேட்டு வாங்கி ஒரு ஆப்புக்கு ஒட்டுகிறார்கள். ஒரு தப்பான பதில் போனால் ஆப்பை நிறுத்திவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மனுஷன் அதே பலிபீடத்துக்கு முன்னால் நிற்க வேண்டும்.

இன்னொன்று, அந்தத் தாய் கேட்டதெல்லாம் எங்கே பதிவாகிறது? யார் படிப்பார்கள்? நண்பரிடம் கேட்டேன், "அதெல்லாம் பாதுகாப்பா இருக்கும்" என்றார். யார் பாதுகாப்பில் என்று மறுபடி கேட்டதற்குப் பேச்சை மாற்றிவிட்டார்.

பக்கத்து வீட்டம்மா கடைசியில் ஒரு சர்ச் முகாமில்தான் ஊசி போட்டுக்கொண்டார். அடுத்த வாரமே அதே முகாமில் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டார். யாருக்குக் கார் வேண்டும், யாருக்குச் சர்க்கரை, யார் மகனிடம் சொல்லாமல் வந்திருக்கிறார் எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில். நான் எட்டிப் பார்த்தேன், டப்பென்று மூடிவிட்டார். முகாம் முடிந்ததும் அதைச் சர்ச் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். உங்கள் ஆப்பின் சாவி யார் கைப்பையில் இருக்கும் என்று சொல்லுங்கள், நானே கொண்டுபோய் அவரிடம் காட்டுகிறேன்.