பிரசவ பயம் மனசு பலவீனம் இல்லை

"முதல் பிரசவத்தில் வந்த பயம் அடுத்த கர்ப்பத்தில் தானாகப் போய்விடும், போகாவிட்டால் மனசு பலவீனம்" என்று பலர் சொல்வது தவறு. பிரசவத்தைப் பற்றிய இந்தத் தீவிர பயத்துக்கு டோகோஃபோபியா என்று பெயரே உண்டு. மோசமான பிரசவத்துக்குப் பிறகு வருவதைத் தனி வகையாக 2000-லேயே மனநல மருத்துவர்கள் விவரித்துவிட்டார்கள். கெட்ட கனவும், பிரசவ அறையை நினைத்தாலே வரும் படபடப்பும் தொடர்ந்தால் அது பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனநலப் பாதிப்பு ஆகவும் இருக்கலாம். அதற்கு அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை), ஈஎம்டிஆர் (கண்ணசைவைப் பயன்படுத்தி அதிர்ச்சி நினைவுகளைக் கையாளும் முறை) சிகிச்சைகள் இருக்கின்றன. (சொந்தக்காரர்களின் அறிவுரை இதில் சேர்த்தி இல்லை!)

பழைய பிரசவக் குறிப்புகளோடு மருத்துவரிடம் உட்கார்ந்து, அன்று என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கேளுங்கள். வலி நிவாரணம், யார் கூட இருப்பது, சிசேரியன் வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே பேசலாம். இரண்டாவது பிரசவ வலி பெரும்பாலும் சீக்கிரம் முடியும், சரிதான். அதைச் சொல்லி பயப்படும் பெண்ணின் வாயை அடைக்காதீர்கள்.