அலமேலு என்னும் பெயரும் அதன்மேல் படிந்த அலரும்

சென்ற மாதம் என் சித்தப்பா மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் பாட்டியின் பெயரையே வைக்கலாம் என்று சித்தப்பா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "அலமேலுன்னு வெச்சா பொறக்கும்போதே கிழவியாயிடுமே" என்றார் ஓர் உறவினர். அந்தப் பெயருக்கு 43 ஆண்டுகளாக உரிமையுடைய நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் புண்படுத்த நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதிலிருந்து வந்தது. பெயரைத் தாங்குகிறவள் என்று பொருள். அந்த முறைப்படிதான் அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர் எனக்கு வந்தது. ஆனால் மாமியாரின் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்டுவது மரியாதை ஆகாது என்பதால் என் அம்மா என்னை ஒருநாளும் அலமேலு என்று அழைத்ததில்லை. வீட்டில் நான் பாப்பா. பள்ளியில் வருகைப் பதிவேட்டை வாசித்த ஆசிரியையின் வாயிலிருந்துதான் என் பெயரை முதன்முதலில் என்னுடையதாகக் கேட்டேன், கூடவே வகுப்பின் சிரிப்பையும் கேட்டேன். கவிதாக்களுக்கும் சங்கீதாக்களுக்கும் நடுவே நான் "அலமேலு மாமி" ஆனேன். பத்து வயதுக் குழந்தைகளுக்கு அந்த மாமி எப்படித் தெரிந்தாள்? பத்திரிகைத் துணுக்குகளிலும் மேடை நாடகங்களிலும் தொலைக்காட்சியிலும் கணவனை மிரட்டுகிற, வம்பளக்கிற, பருத்த நடுவயதுப் பெண்ணுக்குத் தொடர்ந்து சூட்டப்பட்ட சில பெயர்களில் இதுவும் ஒன்று. ஒரு பெயரைக் கேலிக்கு உரியதாக்கப் பெரிய பகை ஏதும் வேண்டியதில்லை. ஒரே வகைப் பாத்திரத்துக்கு அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தாலே போதும். இன்றும் தொலைபேசியில் பேசிவிட்டு நேரில் வருகிறவர்கள், "வயசானவங்களா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்று வியக்கிறார்கள்.

இன்னும் சிலர் பெயரைக் கேட்டதுமே சாதியைக் கேட்கிறார்கள், அல்லது கேட்காமலே முடிவுசெய்துகொள்கிறார்கள். திருப்பதி வேங்கடவனைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்களில், உழுகிறவர்கள், நெய்கிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள் என்ற வேறுபாடில்லாமல் அலமேலுக்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். நகைச்சுவைத் துணுக்குதான் இதை ஒரே வீட்டுப் பெயராகச் சுருக்கியது.

கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை, பொருளே இல்லாத பெயர் என்று இதை நானே ஒரு தோழியிடம் சொல்லியிருக்கிறேன். அலர் என்றால் மலர். மலர்ந்த தாமரையின்மேல் வீற்றிருப்பவள் அலர்மேல் மங்கை. பாலைப் பாலு என்றும் காலைக் காலு என்றும் சொல்லும் அதே பேச்சு வழக்கில் மேல் என்பது மேலு ஆகி, இடையிலிருந்த ரகர மெய்யும் தேய்ந்து, அலர்மேல் அலமேலு ஆயிற்று. திருவாய்மொழியில் ஆறாம் பத்தின் பத்தாம் திருமொழியில், "அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல் மங்கை உறை மார்பா" என்று நம்மாழ்வார் வேங்கடவனை அழைக்கிறார். நொடிப்பொழுதும் பிரிந்திருக்க மாட்டேன் என்று அவன் மார்பில் குடியிருப்பவளின் பெயர் அது. தமிழிலிருந்து தெலுங்குக்குப் போய், 15ஆம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளில் அலமேலுமங்கையாக நிறைந்திருக்கும் பெயரும் இதுதான். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஒருவராவது சிறுவயதிலேயே சொல்லியிருக்கலாமே என்ற ஏக்கம் இன்னும் தீரவில்லை.

அலர் என்ற சொல்லுக்கே ஊரார் பேசும் பழிப்பேச்சு என்ற பொருளும் உண்டு. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். "மலரன்ன கண்ணாள் அருமை அறியாது அலரெமக்கு ஈந்ததிவ் வூர்" என்ற குறளைக் காதலைப் பற்றியது என்று தெரிந்தேதான், என் பெயருக்கும் பொருத்திப் படித்துக்கொள்கிறேன்.

கர்நாடகத்தில் இந்தப் பெயர் சிரிப்பை எழுப்புவதில்லை. 1610இல் மைசூர் அரசர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றிய காலத்தை ஒட்டி அங்கே ஒரு கதை வழங்குகிறது. விஜயநகர ஆளுநரின் மனைவி அலமேலம்மா, தன் நகைகளைப் பறிக்க வந்தவர்களிடம் அகப்படாமல் காவிரியில் பாய்ந்தாள்; பாயும் முன், தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளையில்லாமல் போகட்டும் என்று சபித்தாள் என்பார்கள். கதையோ வரலாறோ, அங்கே அலமேலம்மா அச்சத்தோடும் மதிப்போடும் நினைக்கப்படுகிறாள். ஒலி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, ஓரிடத்தில் கேலியும் இன்னோரிடத்தில் நடுக்கமும் பிறக்கின்றன என்றால், குறை அந்த ஒலியில் இருக்க முடியாது.

பழமை என்ற குற்றச்சாட்டும் எனக்குப் பிடிபடவில்லை. இப்போது குழந்தைகளுக்கு யாழினி, நறுமுகை, கயல்விழி என்று பெயரிடுகிறார்கள். கேட்க எனக்கும் இனிக்கிறது. யாழும் முகையும் கயலும் சங்கப் பாடல்களின் சொற்கள். ஈராயிரம் ஆண்டுப் பழமை புதுமையாகத் தோன்றும்போது, பாட்டி காலத்துப் பழமை மட்டும் ஏன் உறுத்துகிறது? யாழினி என்ற பெயரில் ஒரு கிழவியை நாம் பார்த்ததில்லை. அலமேலுவின் சுருங்கிய கையைப் பிடித்து நடந்திருக்கிறோம். பெயரைத் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு முதுமையைத்தான் தள்ளுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய பெயர்கள் எல்லாவற்றுக்கும் நான் வாதாட வரவில்லை. பெண் பிறந்த சலிப்பில் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் வைத்த பெயர்கள் ஒழியத்தான் வேண்டும். மராட்டியத்தின் சதாரா மாவட்டத்தில், வேண்டாதவள் என்று பொருள்படும் நகுசா என்ற பெயரைக் கொண்டிருந்த 285 சிறுமிகளுக்கு 2011இல் புதுப் பெயர் சூட்டியதைப் படித்தபோது மகிழ்ந்தேன். வெறுப்பில் பிறந்த பெயரும் அன்பில் பிறந்த பெயரும் ஒரே பெட்டியில் பழையவை என்று அடைபடக் கூடாது.

குழந்தையின் அம்மா மறுநாள் எனக்குத் தொலைபேசியில் பேசினாள். "அண்ணி, அந்தப் பேரை வைக்கலைன்னா வருத்தப்படுவீங்களா?" என்று கேட்டாள். ஓசை பிடிக்கவில்லை என்றால் வருத்தமில்லை, அது உன் உரிமை. சிரிப்பார்கள் என்று பயந்து விட்டால் வருத்தப்படுவேன் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவள், அலர்மேல் மங்கை வரும் அந்த நம்மாழ்வார் பாசுரத்தை முழுமையாக எழுதி அனுப்பச் சொன்னாள். அனுப்பியிருக்கிறேன். பெயர் சூட்டும் நாள் அடுத்த வாரம்.