டெசிடபின் மரபணுவைத் திருத்தி எழுதுவதில்லை

மேலே ஒருவர், "ரத்தப் புற்றுநோய்க்குப் போடும் டெசிடபின் ஊசி மரபணுவையே மாற்றி எழுதிவிடும், அப்புறம் பழைய நிலைக்குத் திரும்பாது" என்று எழுதியிருக்கிறார். பாதி சரி. மரபணுக்களின் செயல்பாடு மாறுவது உண்மை. எழுத்து வரிசையைத் திருத்துவது அதன் வேலை இல்லை.

லுக்கீமியா (ரத்தப் புற்றுநோய்) செல்களில் பல மரபணுக்கள், டிஎன்ஏமேல் ஒட்டிக்கொள்ளும் மெத்தில் குறிகள் என்ற சிறு வேதிக் குறிகளால் பூட்டப்பட்டுக் கிடக்கும். செல் பிரியும்போது அந்தக் குறிகளைப் புது டிஎன்ஏவில் நகலெடுப்பது டிஎன்எம்டி1 என்ற நொதி. டெசிடபின், டிஎன்ஏவின் கட்டுமானத் துண்டுகளில் ஒன்றான டிஆக்ஸிசைட்டிடினைப் போல வேடமிட்டு டிஎன்ஏவுக்குள் நுழைந்து அந்த நொதியைச் சிக்கவைக்கிறது. நகலெடுக்க ஆளில்லாததால், ஒவ்வொரு பிரிவிலும் குறிகள் குறைந்து, அடங்கிக் கிடந்த மரபணுக்கள் விழிக்கின்றன. இது குறைந்த அளவில் கொடுக்கும்போதுதான். அளவு கூடினால் செல்லை நேரடியாகவே கொல்லும்.

"திரும்பாது" என்பதுதான் பெரிய தவறு. மருந்தை நிறுத்தினால் மெத்தில் குறிகள் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். இதன் உடன்பிறப்பு மருந்தான அசாசிடிடினை 28 நாளுக்கு ஒருமுறை, 7 நாள் வீதம், மாதக்கணக்கில் சுற்றுச் சுற்றாகக் கொடுக்க இதுவும் ஒரு காரணம். முதல் சுற்றிலேயே பலன் தெரியவில்லை என்று கைவிடுவது அவசரம்.

அதற்காக, எந்தக் கீமோவும் டிஎன்ஏவைத் தொடாது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். எட்டோபோசைட் என்ற கீமோ மருந்து டிஎன்ஏ இழைகளை உடைக்கும். அரிதாக, 11ஆம் குரோமோசோமின் துண்டு இடம் மாறி ஒட்டிக்கொண்டு இரண்டாவதாக ஒரு லுக்கீமியாவே வருவதுண்டு. அது வேறு மருந்து, வேறு வழி. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள்.