வீல் செட்டிங்ஸ் எத்தனை இடத்தில்தான் இருக்கும்?

கார் கேமுக்கான ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீலை, அதாவது சாலையின் இழுப்பை மோட்டாரால் கைக்கு உணர்த்தும் ஸ்டீயரிங்கை, மேஜையில் இறுக்கி மாட்டுவது சுலபம், அப்புறம்தான் தலைவலி. வீல் சுழலும் அளவு கம்ப்யூட்டரில் உள்ள அதன் டிரைவர் மென்பொருளில் 900 டிகிரி, கேமுக்குள் 360 என்று இருந்தால் அரை வட்டம் திருப்பினாலும் கார் பாதிகூடத் திரும்பாது. ஃபோர்ஸை, அதாவது மோட்டார் கையை இழுக்கும் பலத்தை, 100-க்கு ஏற்றினால் இன்னும் மோசம்: மோட்டார் தன் எல்லையைத் தொட்டதும் எல்லாம் ஒரே இறுக்கமாகி, டயர் வழுக்குவதே கைக்குத் தெரியாது. தொப்பூர் கணவாயில் லாரி இறக்குபவரைக் கேளுங்கள், ஸ்டீயரிங் கையிடம் பேசாவிட்டால் எப்படி ஓட்டுவது? இதில் தருமபுரியில் கரண்ட் வேறு போகும். லேப்டாப் பேட்டரியில் ஓடும், வீல் செத்துவிடும். கரண்ட் வந்ததும் அது இரண்டு பக்கமும் சுழன்று நடுவைத் தேடி முடிப்பதற்குள் கேம் வீலையே மறந்திருக்கும், மறுபடி எல்லாப் பட்டனையும் ஒதுக்க வேண்டும். இத்தனை செட்டிங்ஸையும் ஒரே பக்கத்தில் வைத்து, சேமித்ததை அழிக்காமல் விட்டால் போதாதா?